இங்கிலீஷ்ல வார்த்தை வளம் ஏத்துறது எப்படி: ரங்கூன், மோல்மேன், பெகு பக்கம் படிக்கிற நம்ம பசங்களுக்கு முழு வழிகாட்டி

மெட்ரிக் எழுதி முடிச்சிட்டு அடுத்து ஜிஇடிங்கிற அமெரிக்க ஹைஸ்கூல் சமநிலைப் பரீட்சை, ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சைன்னு ஓடிட்டு இருக்கிற, சிங்கப்பூரோ பாங்காக்கோ காலேஜ் கிடைக்குமான்னு பாத்துட்டு இருக்கிற நம்ம தமிழ்ப் பசங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். வீட்ல தமிழ், தெருவுலயும் ஸ்கூல்லயும் பர்மீஸ், புக்ல இங்கிலீஷ்னு மூணு பாஷைக்கு நடுவுல வளந்தவங்க நீங்க. புதுசா ஒரு பாஷை படிக்கிறது உங்களுக்குப் பெரிய விஷயமே இல்ல.

ஆனா ஒரு வேடிக்கை இருக்கு பாருங்க. கியூஷின்ல, அதாவது டியூஷன்ல, வந்து உக்கார்ற பையன்கிட்ட ஃபோட்டோசிந்தசிஸ்னா என்னன்னு கேட்டா டக்னு சொல்றான், மொமென்டம் தெரியும், ஹைட்ரோகார்பன் தெரியும், ஏன்னா ஹைஸ்கூல் சயின்ஸ் புக்கே இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணதுதான். அதே பையன்கிட்ட ரிலக்டன்ட்னா என்ன, சஸ்டெய்ன்னா என்ன, ஹவ்எவர் எங்க வரும் தேர்ஃபோர் எங்க வரும்னு கேட்டா முழிக்கிறான். அடியில ஈட், கோ, ஹவுஸ்னு சின்ன வார்த்தைங்க இருக்கு, உச்சியில பாடத்து வார்த்தைங்க இருக்கு, நடுவுல ஒண்ணுமே இல்ல. அந்த நடு அடுக்குதான் அட்வான்ஸ்டு வொக்காபுலரின்னு எல்லாரும் சொல்றது. அது எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லாததால எந்த சயாவும் சயாமாவும், அதாவது எந்த வாத்தியாரும் டீச்சரும், தனியா உக்காந்து சொல்லிக் குடுக்கிறதில்ல. நம்ம நாட்ல 1960கள்ல யூனிவர்சிட்டி பர்மீஸ் மீடியத்துக்கு மாறி, 1980கள்ல திரும்ப கேஜியில இருந்தே இங்கிலீஷ் வந்துச்சு, அதான் சில வீட்ல தாத்தா பேசுற இங்கிலீஷ் அப்பாவுக்கு வராது. அதனால வீட்ல கேட்டுக் கத்துக்கிற வழியும் பல பேருக்கு அடைஞ்சு போச்சு. நாமளேதான் கட்டணும்.

ஸ்டெப் 1: இப்ப எவ்வளவு தெரியும்னு அளந்து பாருங்க

இதைப் பண்ணாம யாரும் ஆரம்பிக்காதீங்க. நியூசிலாந்துல பால் நேஷன்னு ஒரு பேராசிரியர், வார்த்தை படிக்கிறதைப் பத்தியே காலம் பூரா ஆராய்ச்சி பண்ணவர். அவர் உண்டாக்கின வொக்காபுலரி சைஸ் டெஸ்ட் இணையத்துல ஃப்ரீயா கிடைக்குது. 140 கேள்வி, எத்தனை சரியோ அதை நூறால பெருக்கினா உங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தைக் குடும்பம் சுமாரா எவ்வளவுன்னு வந்துடும். 45 சரின்னா 4,500. குடும்பம்னா அனலைஸ், அனலைஸ்டு, அனாலிசிஸ், அனலிட்டிக்கல் எல்லாம் சேந்து ஒண்ணு. தெரியாத கேள்விக்கு குத்துமதிப்பா டிக் போட்டா நம்பர்தான் பெருசாகும், வேற பிரயோஜனம் கிடையாது.

அதே நேஷன் 2006ல ஒரு கணக்கு போட்டாரு. நாவலோ நியூஸ்பேப்பரோ டிக்ஷனரி இல்லாம படிச்சுப் புரிஞ்சுக்கணும்னா 8,000ல இருந்து 9,000 குடும்பம் வரைக்கும் வேணும், அப்பத்தான் ஒரு பக்கத்துல இருக்கிற வார்த்தையில 98 சதவீதம் தெரிஞ்சிருக்கும்னு. இதைக் கேட்டுட்டு மலைச்சுப் போயிடாதீங்க, இது ஒரு பரீட்சைக்கு முன்னாடி முடிக்கிற வேலையில்ல, வருஷக்கணக்கா போறது. இதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது அந்த 98ங்கிற நம்பரைத்தான். கையில இருக்கிற புக்ல ஏதாவது ஒரு இடத்துல நூறு வார்த்தை எண்ணுங்க. தெரியாதது ரெண்டுக்குள்ள இருந்தா அது உங்க லெவல் புக், சும்மா படிச்சுட்டே போலாம். மூணு நாலு அஞ்சுன்னா கொஞ்சம் மல்லுக்கட்டணும், ஆனா கத்துக்கலாம். பத்து தாண்டுச்சுன்னா மூடி வெச்சிருங்க, இப்போதைக்கு அது வேணாம்.

ஸ்டெப் 2: எந்த வார்த்தையைப் படிக்கணும்னு முடிவு பண்ணுங்க

முக்கால்வாசிப் பேரு சறுக்குற இடம் இதுதான். அட்வான்ஸ்டுன்னதும் ஃபேஸ்புக்ல யாரோ போடுற "இந்த 50 வார்த்தை தெரிஞ்சா நீங்க கில்லாடி" லிஸ்டை எடுத்து ஒப்ஸ்ட்ரெபரஸ், டிஃபெனஸ்ட்ரேட்னு நெட்டுரு போடுறாங்க. அந்த வார்த்தையை வெள்ளைக்காரனே வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லுவானான்னு சந்தேகம்.

வரிசை இப்படி வெச்சுக்கோங்க. முதல்ல அடிக்கடி வர்ற ரெண்டாயிரம் மூவாயிரம் வார்த்தை. 1953லயே மைக்கேல் வெஸ்ட்னு ஒருத்தர் இதுக்கு ஒரு லிஸ்ட் போட்டாரு, இப்ப ஆக்ஸ்ஃபோர்டு 3000, ஆக்ஸ்ஃபோர்டு 5000னு ரெண்டு லிஸ்ட் ஏ1 (ரொம்ப எளிசு), பி2 (நடு லெவலுக்கு மேல)ன்னு லெவல் குறிச்சு ஃப்ரீயாவே கிடைக்குது. இந்த மூவாயிரத்துல ஓட்டை இருந்தா அதை அடைக்காம மேல போகாதீங்க, "இதெல்லாம் சின்னப் பசங்க வார்த்தை"ன்னு நினைக்கிறதுலதான் நாலு அஞ்சு தெரியாம ஒளிஞ்சு கிடக்கும்.

அடுத்தது நான் சொன்ன நடு அடுக்கு. அவெரில் காக்ஸ்ஹெட்ங்கிற ஆராய்ச்சியாளர் 2000த்துல அகாடமிக் வேர்ட் லிஸ்ட்னு ஒண்ணு வெளியிட்டாங்க. சயின்ஸ், சட்டம், வணிகம், கலைன்னு எல்லாத் துறைப் புக்கையும் சேத்து 35 லட்சம் வார்த்தைக்குப் பக்கத்துல அலசி, எந்தத் துறையா இருந்தாலும் பரவலா வர்ற வார்த்தைக் குடும்பங்களை மட்டும் பிரிச்சு எடுத்தது. மொத்தம் 570தான். பத்து சப்லிஸ்ட்டா இருக்கு, முதல் ஒம்போதுல அறுபது அறுபது, கடைசியில முப்பது. இந்த 570 குடும்பமே காலேஜ் புக்ல வர்ற வார்த்தையில பத்து சதவீதத்துக்குக் கிட்ட வந்துடுது. சிக்னிஃபிகன்ட், அஸ்யூம், டெரைவ், ஈவிடன்ட், கான்ட்ரிபியூட் எல்லாம் இதுல உள்ளதுதான். சப்லிஸ்ட் ஒண்ணுல இருந்து வரிசையா போங்க, ஏன்னா அதுல உள்ளதுதான் அதிகமா வரும்.

ஒரு நாளைக்கு அஞ்சு புது வார்த்தை போதும். பத்து எடுக்கிற பசங்க ரெண்டாவது வாரமே காணாமப் போயிடுறாங்க.

இதுக்கெல்லாம் மேல, நீங்க படிக்கிறப்போ நீங்களே முட்டிக்கிற வார்த்தை. ஒரே வார்த்தை ரெண்டு மூணு இடத்துல கண்ல பட்டா அதை எடுத்துக்கோங்க. ஒரே தடவை வந்துட்டுப் போனதை விட்ருங்க.

ஸ்டெப் 3: டிக்ஷனரியை மாத்துங்க

கையடக்க இங்கிலீஷ் பர்மீஸ் டிக்ஷனரி ஒரு அர்த்தத்தை மட்டும் குடுத்துட்டு முடிச்சிரும். அட்ரஸ்னா விலாசம்னு படிச்சு வெச்சிருப்பீங்க, பாசேஜ்ல "அட்ரஸ் த ப்ராப்ளம்"னு வந்தா பிரச்சினைக்கு என்ன விலாசம்னு தலையைச் சொறியணும். அங்க அதுக்கு அர்த்தம் பிரச்சினையைக் கையில எடுத்து ஏதாவது செய்யுறது.

லேர்னர்ஸ் டிக்ஷனரின்னு ஒரு வகை இருக்கு, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூணு பேரும் போடுறாங்க, மூணையும் ஆன்லைன்ல காசு குடுக்காம பாக்கலாம். இது இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்களுக்காகவே எழுதுறது, லாங்மேன்ல விளக்கத்தையே சுமார் 2,000 சாதா வார்த்தைக்குள்ள அடக்கி எழுதியிருப்பாங்க. நெட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாத நம்ம ஊர்ல ஆஃப்லைன்ல ஓடுற ஆப் ஒண்ணு போன்ல இருக்கிறது நல்லது, இல்லாட்டி ரங்கூன் பான்சோடான் தெருப் பக்கம் பிளாட்பாரத்துல பழைய புக் கடைகள்ல தேடுங்க, அச்சடிச்ச வருஷம் மட்டும் பாத்து வாங்குங்க, ரொம்பப் பழசா இருந்தா எடுத்துக்காட்டு வாக்கியமெல்லாம் தாத்தா காலத்து இங்கிலீஷா இருக்கும்.

டிக்ஷனரியில அர்த்தத்தைப் பாத்துட்டு மூடாதீங்க. எடுத்துக்காட்டு வாக்கியம் எப்படி இருக்கு, பக்கத்துல என்ன வார்த்தை வருது, பன்மை உண்டா, ஃபார்மல் இன்ஃபார்மல்னு ஏதாவது போட்டிருக்கான்னு பாருங்க.

தமிழ்லயோ பர்மீஸ்லயோ அர்த்தம் எழுதிக்கிறது தப்பான்னு நிறைய பேர் கேக்கிறாங்க. தப்பே இல்ல. "இங்கிலீஷை இங்கிலீஷ்லயே யோசி"ன்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போறாங்க, முதல் தடவை ஒரு வார்த்தையைப் புடிச்சுக்க சொந்த பாஷை மாதிரி சுளுவான வழி கிடையாது. எந்த பாஷையில உங்களுக்கு டக்னு வருதோ அதுல எழுதுங்க. ரிலக்டன்ட்டுக்கு "மனசில்லாம"ன்னு ரெண்டு நொடியில புரிஞ்சிடும், இங்கிலீஷ் விளக்கத்தைப் படிச்சா அதுலயே ஒரு தெரியாத வார்த்தை வந்து நிக்கும். வார்த்தை உள்ள போனதுக்கப்புறம் தமிழை அழிச்சிட்டு இங்கிலீஷ் வாக்கியத்தை வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 4: கார்டு போடுங்க, பாக்காம சொல்லிப் பாருங்க

நோட்டுல இடது பக்கம் வார்த்தை வலது பக்கம் அர்த்தம்னு எழுதி திரும்பத் திரும்பப் படிக்கிறோம்ல, அது படிச்ச மாதிரி ஒரு திருப்தியைக் குடுக்கும், அவ்வளவுதான். 2006ல ரோடிகர், கார்ப்பிக்கினு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மாணவர்களை வெச்சு சோதிச்சாங்க. ஒரு கூட்டம் பாசேஜை திரும்பத் திரும்பப் படிச்சுது, இன்னொரு கூட்டம் படிச்சிட்டு பாக்காம எழுதிப் பாத்துது. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சப்ப திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு வெச்சப்ப எழுதிப் பாத்தவங்க முன்னாடி. பரீட்சைக்கு முந்தின ராத்திரி நெட்டுரு போட்டது பரீட்சை முடிஞ்சதும் பறந்து போறதுக்குக் காரணம் இதுல இருக்கு.

கார்டோட முன்பக்கம் வார்த்தையை மட்டும் தனியா எழுதாதீங்க. வாக்கியம் எழுதி வார்த்தை இருக்கிற இடத்துல கோடு போடுங்க, பக்கத்துல முதல் எழுத்தும் தமிழ் அர்த்தமும். பின்பக்கம் வார்த்தை, அதை எப்படிச் சொல்றது, அது கூடவே வர்ற ரெண்டு ஜோடி. வாக்கியத்தை டிக்ஷனரியில இருந்து அப்படியே எடுக்கிறதை விட உங்க வாழ்க்கையில இருந்து எழுதினா ஒட்டும். சித்தப்பா கடையைப் பத்தி, திருவிழாவுல காவடி எடுத்ததைப் பத்தி, கரண்ட் போனதைப் பத்தி எழுதுங்க. முதல்ல மட்டும் டிக்ஷனரி வாக்கியத்தைப் பக்கத்துல வெச்சு அமைப்பு சரியான்னு பாத்துக்கோங்க.

அப்புறம் இடைவெளி. ஜெர்மனியில எபிங்காஸ் 1885லயே தன்னையே சோதனை எலியாக்கி, படிச்சது முதல் ஒண்ணு ரெண்டு நாள்லதான் மளமளன்னு மறக்கும், போகப் போக மறக்கிற வேகம் குறையும்னு கண்டுபுடிச்சாரு. அதனால திருப்பிப் பாக்கிறது ஆரம்பத்துல நெருக்கமா, போகப் போக தள்ளித் தள்ளி. செபாஸ்டியன் லைட்னர்னு ஒரு ஜெர்மன் பத்திரிகையாளர் 1972ல இதுக்கு ஒரு பெட்டி முறை சொன்னாரு, அதுக்கு ஒரு செருப்புப் பெட்டியும் நாலு அட்டைத் தடுப்பும் போதும். முதல் அறை தினமும், ரெண்டாவது ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, மூணாவது வாரம் ஒரு தடவை, நாலாவது ரெண்டு வாரம், அஞ்சாவது மாசம் ஒரு தடவைன்னு வெச்சுக்கலாம். சரியா சொன்ன கார்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பானது எந்த அறையில இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வந்துடும்.

இதையே போன்ல பண்றது ஆன்கி. 2006ல வந்த ஆப், ஆண்ட்ராய்டுலயும் கம்ப்யூட்டர்லயும் ஃப்ரீ, ஐபோன்ல மட்டும் காசு. நெட் இல்லாமலும் ஓடும். ஆனா நாள்ல பாதி நேரம் கரண்ட் இல்லாத ஏரியாவுல இருக்கிற பசங்களுக்கு நான் பேப்பர் கார்டுதான் சொல்லுவேன், போன் சார்ஜை வேற வேலைக்கு வெச்சுக்கலாம், பஸ்ல போறப்போ ரப்பர் பேண்டு போட்டு சட்டைப் பையில வெச்சுக்கிட்டா போதும். அடுத்தவங்க போட்ட ரெடிமேட் டெக்கை டவுன்லோடு பண்ணி ஐயாயிரம் கார்டோட ஆரம்பிக்கிறது மட்டும் வேணாம், கார்டு போடுறதுலயே பாதி படிப்பு நடந்துடும்.

அடம் புடிக்கிற வார்த்தைக்கு தமிழ்ச் சத்தத்துல ஒரு கொக்கி போடுங்க. பாசிஃபைன்னா சமாதானப்படுத்துறது. அதுல "பசி" கேக்குதில்ல, பசியில அழுவுற குழந்தைக்கு பால் குடுத்து அமர்த்துறாங்கன்னு மனசுல ஒரு படம் போட்டுக்கிட்டா அப்புறம் மறக்கவே மறக்காது. எல்லா வார்த்தைக்கும் இதைப் பண்ணா நேரம்தான் போகும், நாலஞ்சு தடவை தப்பானதுக்கு மட்டும்.

ஸ்டெப் 5: ஒரே மாதிரி வார்த்தையை ஒரே நாள்ல படிக்காதீங்க

இது நிறைய பேருக்குத் தெரியாது, கியூஷின் நோட்ஸ்ல கூட தலைகீழாதான் இருக்கும். அர்த்தத்துல கிட்டக் கிட்ட இருக்கிற வார்த்தையைக் கூட்டமா புதுசா படிச்சா ஒண்ணோட ஒண்ணு குழம்பி, கத்துக்கிறதே மெதுவாகுதுன்னு 1990கள்ல டிங்கம்ங்கிற ஆராய்ச்சியாளர் காட்டினாரு. இம்ப்ளை, இன்ஃபர் ரெண்டையும் ஒரே நாள்ல படிச்சா எது சொல்றவன் பண்றது எது கேக்கிறவன் பண்றதுன்னு ஆயுசுக்கும் சந்தேகம்தான். அடாப்ட் (adopt), அடாப்ட் (adapt)னு ஒரே சத்தமா காதுல விழுற ரெண்டும் அப்படித்தான், ஒண்ணு தத்தெடுக்கிறது, இன்னொண்ணு சூழ்நிலைக்குத் தக்கபடி மாத்திக்கிறது. இந்த வாரம் ஒண்ணு படிங்க, அது கெட்டியான பிறகு இன்னொண்ணைத் தொடுங்க.

ஸ்டெப் 6: குடும்பத்தோட படிங்க, சத்தத்தோட படிங்க

ஒரு வார்த்தை படிச்சா அதோட வினை, பெயர், உரிச்சொல் மூணையும் புடிச்சிருங்க. அகாடமிக் லிஸ்ட்ல இருக்கிறதுல பெரும்பாலானது லத்தீன், கிரேக்கம் வழி வந்தது, அதனால வேர் தெரிஞ்சா கொத்தா வரும். ரப்ட்னா உடையிறது. இன்டரப்ட் பேச்சை இடையில உடைக்கிறது, எரப்ட் உடைச்சுக்கிட்டு வெளிய வர்றது, பேங்க்ரப்ட் திவாலானது, அப்ரப்ட் திடீர்னு முறிஞ்சு போறது. இதே மாதிரி ஸ்பெக்ட்னா பாக்கிறது, போர்ட்னா சுமக்கிறது, டிக்ட்னா சொல்றது, க்ரெட்னா நம்புறது. இருபது முப்பது வேர் போதும், வேர் லிஸ்ட்டையே ஒரு பாடமா ஆக்கிக்காதீங்க. முன்னொட்டு ஏமாத்தவும் செய்யும்: இன்வேல்யுவபிள்னா மதிப்பில்லாததுன்னு எழுதிட்டு வருவாங்க, அது விலைமதிக்க முடியாத அளவுக்கு ஒசந்தது. இன்ஃப்ளேமபிள்னு லாரியில எழுதியிருந்தா தீப்பிடிக்கும்னு அர்த்தம், பிடிக்காதுன்னு இல்ல.

சத்தம் விஷயத்துல நமக்கு ரெண்டு பக்கமும் இடி. தமிழ் நாக்கு கடைசியில ஒரு உகரம் சேத்து பஸ்ஸு, புக்கு, ஹெல்ப்புன்னு சொல்லும். பர்மீஸ் நாக்கு கடைசி மெய்யை முழுங்கி, நைஸ், நைட், நைஃப் எல்லாத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆக்கிரும். ரெண்டையும் கவனிச்சு கடைசி எழுத்தை சுருக்கமா, ஆனா காதுல விழுற மாதிரி சொல்லிப் பழகுங்க. அழுத்தம் எங்க விழுதுங்கிறதும் முக்கியம், ஃபோட்டோகிராஃப்ல முதல் அசையில, ஃபொட்டோகிராஃபியில ரெண்டாவதுல, ஃபோட்டோகிராஃபிக்ல மூணாவதுல. அழுத்தம் மாறுனா எதிர்ல இருக்கிறவருக்கு வார்த்தையே புரியாது. ஆன்லைன் டிக்ஷனரியில ஸ்பீக்கர் படத்தைத் தட்டி கேட்டுட்டு மூணு தடவை வாய்விட்டுச் சொல்லிட்டு அப்புறம் கார்டு எழுதுங்க.

ஸ்டெப் 7: வார்த்தையோட ஜோடியைப் புடிங்க

என்னைக் கேட்டா இந்த ஸ்டெப்தான் மத்த எல்லாத்தையும் விட முக்கியம், நேரம் இல்லாதவங்க இதை மட்டும் ஒழுங்கா பண்ணாலே எழுத்து மாறிடும்.

மாத்திரையை நாம தமிழ்ல "சாப்பிடுறோம்". பர்மீஸ்ல அதைக் "குடிக்கிறோம்". இங்கிலீஷ்ல ரெண்டும் இல்ல, "டேக் மெடிசின்". சிகரெட்டைத் தமிழ்லயும் குடிக்கிறோம் பர்மீஸ்லயும் குடிக்கிறோம், இங்கிலீஷ்ல அதுக்கு ஸ்மோக்னு தனி வினையே இருக்கு. லைட்டைத் தமிழ்ல "போடுறோம்", பர்மீஸ்ல "திறக்கிறோம்", அதனாலதான் நம்ம பசங்க "ஓப்பன் த லைட்"னு சொல்றது. இங்கிலீஷ்ல "டர்ன் ஆன்". வார்த்தை எல்லாம் தெரியும், எது எது கூட சேரும்ங்கிறதுதான் தெரியல. இதுக்கு இங்கிலீஷ்ல கொலொகேஷன்னு பேரு.

இதுல ஏன்னு கேட்டா காரணம் கிடையாது. மழைன்னா ஹெவி ரெயின், காத்துன்னா ஸ்ட்ராங் விண்ட், டீன்னா ஸ்ட்ராங் டீ, டிராஃபிக்னா ஹெவி டிராஃபிக். பவர்ஃபுல் டீன்னு சொன்னா புரியும், ஆனா சிரிப்பாங்க. முடிவை "மேக் எ டிசிஷன்", ஹோம்வொர்க்கை "டூ ஹோம்வொர்க்", ரிஸ்க்கை "டேக் எ ரிஸ்க்". நடு அடுக்கு வார்த்தைக்கும் இதே கதைதான்: கன்டக்ட் ரிசர்ச், ரெய்ஸ் அவேர்னஸ், போஸ் எ த்ரெட், மீட் எ டெட்லைன், ரீச் எ கன்க்ளூஷன். ரிசர்ச்ங்கிற வார்த்தையைத் தனியா படிச்சவன் "டூ எ ரிசர்ச்"னு எழுதி தப்பு பண்ணுவான், ஏன்னா ரிசர்ச்சை எண்ண முடியாது, முன்னாடி "எ" வராது. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், ஈவிடன்ஸ் எல்லாம் அந்த ஜாதிதான், பின்னாடி "ஸ்" போடாதீங்க.

முன்னிடைச்சொல்லும், அதாவது ப்ரெபொசிஷனும், ஜோடிதான். "டிஸ்கஸ் அபௌட்"னு நாம எல்லாரும் சொல்றோம், ஏன்னா தமிழ்ல "அதைப் பத்தி" பேசுறோம். இங்கிலீஷ்ல டிஸ்கஸுக்குப் பின்னாடி நேரா விஷயம்தான், அபௌட் கிடையாது. எம்ஃபசைஸ் ஆன் கிடையாது, எம்ஃபசைஸ் மட்டும். மேரீடு வித் கிடையாது, மேரீடு டு. ஆனா எம்ஃபசிஸ்னு பெயர்ச்சொல்லா வந்தா "ஆன்" வந்துடும். இதையெல்லாம் ரூலா படிக்க முடியாது, ஜோடி ஜோடியா காதுல ஏத்துறதுதான் வழி.

செய்ய வேண்டியது இதுதான். படிக்கிறப்போ புது வார்த்தையை மட்டும் அடிக்கோடு போடாம முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு சேத்து அடிக்கோடு போடுங்க. கார்டுலயும் அப்படியே. "சப்ஸ்டான்ஷியல்"னு எழுதாம "எ சப்ஸ்டான்ஷியல் அமவுண்ட் ஆஃப் மணி"ன்னு எழுதுங்க. தெரிஞ்ச வார்த்தைக்கும் ஜோடி தேடுங்க, இஷ்யூ, ரோல், இம்பாக்ட், சேஞ்ச் மாதிரி சாதா வார்த்தையோட பத்து ஜோடி தெரிஞ்சவன் எழுத்து, நூறு கஷ்டமான வார்த்தை தெரிஞ்சவன் எழுத்தை விட நல்லா இருக்கும்.

ஸ்டெப் 8: ஒரே விஷயத்தை விடாம படிங்க

கார்டு வார்த்தையை அறிமுகப்படுத்தும், பழக்கம் வர்றது படிக்கிறதுலயும் கேக்கிறதுலயும்தான். இதுக்கு ஒரு தந்திரம் இருக்கு, இன்னைக்கு அரசியல் நாளைக்கு சமையல் அடுத்து விண்வெளின்னு தாவாம ரெண்டு மூணு வாரம் ஒரே விஷயத்துல இருக்கிறது. ஒரே விஷயம்னா அதே வார்த்தைங்க திரும்பத் திரும்ப வரும், நீங்க தேடிப் போகாமலே ரிவிஷன் ஆகிடும்.

நம்ம பசங்க பிரீமியர் லீக் மேட்ச் ஒண்ணு விடாம பாக்கிறாங்க, ராத்திரி டீக்கடை நிறைஞ்சிருக்கும். மேட்ச் என்ன ஆச்சுன்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால மறுநாள் இங்கிலீஷ்ல மேட்ச் ரிப்போர்ட் படிச்சா தெரியாத வார்த்தை கூட தானா புரியும். டாமினேட், கன்சிஸ்டன்ட், கான்ட்ரவர்ஷியல், மார்ஜின், ரெசிலியன்ட், ஸ்டேல்மேட் எல்லாம் அதுல சாதாரணமா வரும். கோல் வாங்குறதை "கன்சீட்"னு எழுதுவாங்க, அதே கன்சீட் கட்டுரையில வந்தா எதிராளி சொன்னதை ஒத்துக்கிறது. ஃபுட்பால் பிடிக்காதவங்க சமையல், மேக்கப், போன் ரிவ்யூ எதையாவது எடுங்க. ஆறு மாசம் ஆனதும் பரீட்சையில வர்ற விஷயத்துக்கு மாறுங்க: சுற்றுச்சூழல், கல்வி, வேலை, உடல்நலம், டெக்னாலஜி.

லெவல் இன்னும் கீழ இருந்தா கிரேடட் ரீடர்னு எளிய இங்கிலீஷ்ல எழுதின கதைப் புக்கா படிங்க, கௌரவம் பாக்காதீங்க. காதுக்கு பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் மாதிரி ஆடியோவை வைஃபை கிடைக்கிற இடத்துல டவுன்லோடு பண்ணி வெச்சு, முதல்ல சும்மா கேட்டு, அப்புறம் எழுத்தைப் பாத்துக்கிட்டு கேளுங்க.

ஸ்டெப் 9: எழுதுங்க, அளவோட எழுதுங்க

ஐஇஎல்டிஎஸ் எழுத்துலயும் பேச்சுலயும் நாலு அளவுகோல், அதுல ஒண்ணு லெக்ஸிக்கல் ரிசோர்ஸ், அதாவது வார்த்தை. கால் பங்கு மார்க். கால் பங்குன்னதும் பெரிய பெரிய வார்த்தையா அடுக்கிரலாம்னு தோணும். அவங்க பாக்கிறது வகைவகையா வருதா, பொருத்தமா வருதா, ஜோடி சரியா, ஸ்பெல்லிங் சரியான்னு.

ஒரு உதாரணம். "மெனி பீப்பிள் கோ டு அதர் கன்ட்ரீஸ் பிகாஸ் தேர் இஸ் நோ ஜாப்"னு ஒரு பையன் எழுதறான். புரியுது, ஆனா வெறுமையா இருக்கு. லிஸ்ட் மனப்பாடம் பண்ண பையன் "எ ப்ளெதொரா ஆஃப் ஹியூமன் பீயிங்ஸ் ஆர் மைக்ரேட்டிங்"னு ஆரம்பிப்பான், ப்ளெதொரான்னா தேவைக்கு மிஞ்சி ஏகப்பட்டது, அது மனுசங்களுக்கு இங்க ஒட்டல, படிக்கவே கூச்சமா இருக்கு. "எ க்ரோயிங் நம்பர் ஆஃப் கிராஜுவேட்ஸ் ஆர் லீவிங் த கன்ட்ரி பிகாஸ் சூட்டபிள் ஜாப்ஸ் ஆர் ஸ்கேர்ஸ்"னு எழுதினா எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க. இதுல கஷ்டமான வார்த்தை ஸ்கேர்ஸ் ஒண்ணுதான், அது தட்டுப்பாடுன்னு அர்த்தம். மத்ததெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான், ஜோடிதான் சரியா விழுந்திருக்கு.

வாரத்துக்கு ரெண்டு தடவை நூறு நூத்தம்பது வார்த்தையில எழுதுங்க, அந்த வாரத்துக் கார்டுல இருந்து அஞ்சு வார்த்தை அதுல வரணும், ஆனா திணிச்ச மாதிரி இருக்கக் கூடாது. எழுதின வாக்கியத்து ஜோடியில சந்தேகம் இருந்தா டிக்ஷனரி எடுத்துக்காட்டோட ஒப்பிட்டுப் பாருங்க, முடிஞ்சா சயாகிட்டயோ சயாமாகிட்டயோ காட்டுங்க. பரீட்சை நெருங்கினா 40 நிமிஷத்துல 250 வார்த்தைன்னு அசல் கணக்குல எழுதிப் பழகணும். பேசுறதுக்கு ஆள் இல்லைன்னா போன்ல ஒரு நிமிஷம் பேசி ரெக்கார்டு பண்ணி திரும்பக் கேளுங்க, முதல்ல சகிக்காது, பரவாயில்ல.

ஸ்டெப் 10: வாரத்துக்கு ஒரு கணக்கு

காலையில இருபது நிமிஷம் பழைய கார்டு, அதை முடிச்சப்புறம்தான் புதுசு அஞ்சு. சாயங்காலம் அரை மணி நேரம் படிக்கிறது இல்லாட்டி கேக்கிறது. ரெண்டு நாள் எழுத்து. ஞாயித்துக்கிழமை புது வார்த்தை வேணாம், அந்த வாரத்து முப்பதையும் பாக்காம எழுதிப் பாத்தா போதும். மார்ச்ல இருந்து மே வரைக்கும் லீவு இருக்கிறதால அப்ப வேகத்தைக் கூட்டலாம், திஞ்சான் தண்ணித் திருவிழா நாலு நாளும் யாரும் படிக்க மாட்டீங்க, அதையும் இப்பவே கணக்குல சேத்துக்கோங்க.

இடையில காய்ச்சல், கல்யாணம், கோயில் திருவிழான்னு பத்து நாள் விட்டுப்போச்சுன்னா கார்டு மலை மாதிரி குவிஞ்சிருக்கும். அதை ஒரே நாள்ல முடிக்கப் பாக்காதீங்க, புதுசு எடுக்கிறதை நிறுத்திட்டு தினமும் நாப்பது ஐம்பதுன்னு கரைச்சுட்டு வாங்க. அதுல சில வார்த்தை எத்தனை தடவை பாத்தாலும் தப்பாவே வரும். ஆன்கியில எட்டு தடவை தவறின கார்டை லீச், அதாவது அட்டைப்பூச்சின்னு பேர் குடுத்து அதுவே குறிச்சு வெச்சிரும், பேப்பர்ல பண்றவங்க மூலையில ஒரு புள்ளி வெச்சு எண்ணிக்கோங்க. எட்டு புள்ளி விழுந்த கார்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற வாக்கியத்தோட புதுசா ஒண்ணு எழுதுங்க. அதுவும் நிக்கலைன்னா அந்த வார்த்தையை விட்ருங்க, தேவையான வார்த்தைன்னா அதுவே எங்கயாவது ஒரு பாசேஜ்ல திரும்ப வந்து நிக்கும், அப்ப பாத்துக்கலாம்.